கஞ்சிப் பானை முன்னே போன ஊர்வலம்

முன்னொரு காலத்தில், எல்லையில் சண்டை என்பதே இல்லாத ஒரு நாட்டை, சண்டை என்றாலே பூரித்துப்போகும் ராஜா ஒருவர் ஆண்டுவந்தார். அவருடைய தாத்தா ஓடைக்கரைப் போரில் வென்ற நாளை ஆண்டுதோறும் கொண்டாடுவார்கள். அன்று ஊரே வெற்றித்தூண் வரை அணிவகுத்துப் போகும். நண்பகலில் வீட்டுக்கு வீடு கொள்ளுக் கஞ்சி குடிப்பார்கள். ஏன் கஞ்சி என்று கேட்டால் ஊரில் பலருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது.

"இம்முறை ஊர்வலம், அன்று போர் நடந்தபடியே நடக்க வேண்டும். அவரவர் பாட்டனார் நின்ற இடத்தில் அவரவர் நிற்க வேண்டும். இம்மி பிசகினாலும், பிசகியவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

தளபதி செம்பியராயருக்கு வாயெல்லாம் பல். விகடகவி அய்யாறனை ராஜா பக்கத்திலேயே வைத்துக்கொள்வதில் அவருக்கு நெடுநாள் வயிற்றெரிச்சல்.

"அரசே, அடியேனின் பாட்டனார் படைமுகப்பில் வாளேந்தி நின்றார். விகடகவியின் பாட்டனாரோ படையின் கடைசியில் கஞ்சி காய்ச்சினார். ஆகவே இவர் அகப்பையோடு யானைகளுக்கும் பின்னால் வருவதே முறை."

சபை கொல்லென்று சிரித்தது. அய்யாறனுக்கு முகம் சுண்டிவிட்டது. தாத்தாவை இழுத்ததுதான் அவனைச் சுட்டது. மறுத்தால் நாடு போகும். அகப்பையோடு போனால் மானம் போகும்.

"நடந்தது நடந்தபடியே, அப்படித்தானே அரசே?" என்று மட்டும் கேட்டான்.

"அப்படியேதான்."

திருநாளன்று அவன் தாத்தாவின் அகப்பையும் கஞ்சிப் பானையுமாக யானைச் சாணத்தை மிதித்துக்கொண்டு ஓடைக்கரை வரை வந்தான். தாத்தா அடுப்பு மூட்டிய இடத்திலேயே பானையை ஏற்றினான். ஊர்வலம் கூப்பிடு தூரத்தில் இருந்த தூணை அடைந்தது. வெற்றி முழக்கமிடத் தளபதி வாளை உயர்த்தினார். அந்த நேரம் பார்த்து அய்யாறன் அகப்பையால் பானை மூடியில் டணார் டணார் என்று அடித்தான்.

"அரசே, உத்தரவு பிசகுகிறது. இந்த இடத்தில் நம் படை முழங்கவில்லை. திரும்பி ஓடி வந்தது."

தளபதி துள்ளினார். "பெரிய மகாராஜாவும் ஓடினார் என்கிறாரா இவர்?"

அய்யாறன் அகப்பையை இறக்காமலே சொன்னான்: "ஓடினார். எல்லோரும் கொலைப்பட்டினி. என் தாத்தாவின் பானையண்டை வந்து கஞ்சி குடித்தார்கள். அந்தத் தெம்பில் திரும்பிப் போய் வென்றார்கள். இல்லாவிட்டால் இந்த ஊர் இன்றைக்கு ஏன் கொள்ளுக் கஞ்சி குடிக்கிறது?"

திடீரென்று ராஜாவின் தொந்தி குலுங்கியது.

"தாத்தா என்னை மடியில் வைத்துக்கொண்டு இதையேதான் சொல்வார். கஞ்சி நாக்கைச் சுட்டதென்றும் சொல்வார். நான்தான் மறந்துவிட்டேன். படையே, திரும்பி ஓடு" என்று யானையிலிருந்து இறங்கி, பட்டு வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு அவரே ஓடினார்.

படை திரும்பியதும் கடைசி முதலாகிவிட்டது. யானைப்பாகர்கள் முதலில் குடித்தார்கள். முகப்பில் நின்ற தளபதி கவசம் கடகடக்க ஓடிவந்து, வரிசையின் கடைசியில் தொன்னையோடு நின்றார். அய்யாறன் பானையை வழித்து ஊற்றினான்.

"உங்கள் பாட்டனாருக்கும் அடிக்கஞ்சிதான் கிடைத்ததாம், தளபதியாரே. ருசியாக இருந்ததென்றாராம்."

ராஜா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தம் முத்து மாலையைக் கழற்றி அய்யாறன் கழுத்தில் போட்டார். "இனி ஆண்டுதோறும் பானை முன்னே போகட்டும். வாள் பின்னால் வரட்டும்."

படை மறுபடி தூணை நோக்கி நடந்தது. ராஜாவின் யானைமேல், தாத்தாவின் அகப்பையை உயரத் தூக்கிப் பிடித்தபடி அய்யாறன் போனான். அந்த நாட்டில் இன்றும் வெற்றித் திருநாளில் கஞ்சி குடிக்காமல் யாரும் வாளைத் தொடுவதில்லை என்று கேள்வி.