செம்பியின் குரல் போன கதை

அந்தக் காலத்தில் ஒட்டகங்களும் மனிதர்களைப் போலப் பேசும். பாலைவனத்தின் நடுவே ஆள் குடியில்லாத பழைய நகரம் ஒன்று இடிந்து கிடந்தது. அதைப் பார்க்க வருகிறவர்களை ஏகன் என்பவன் தன் ஒட்டகங்களில் ஏற்றிக் கூட்டிப்போவான். எல்லாவற்றுக்கும் முன்னால் நடப்பவள் செம்பி என்ற பெண் ஒட்டகம். அந்த நகரத்தின் கோட்டை வாசலில் படுத்திருந்து, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் எண்ணுவது அவள் வேலை.

ஒருநாள் பதினோரு பேர் வந்தார்கள். அவர்களில் தேனம்மையும் வள்ளிக்கண்ணும் அக்காள் தங்கை. சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஒரு வீட்டுச் சுவரில் நிறம் மங்காத ஓவியத்தைக் கண்டு வள்ளிக்கண்ணு நின்றுவிட்டாள்.

"நீ போய்க்கிட்டே இரு அக்கா. ஓடி வந்துடறேன்."

தேனம்மை வாசலுக்கு வருவதற்குள் மேற்கே வானம் செக்கச்செவேல் என்றாகிவிட்டது. மணற்காற்று! எல்லாரும் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு, கைக்கு எட்டிய ஒட்டகத்தில் ஏறினார்கள். ஏகனால் கண்ணைத் திறக்க முடியவில்லை.

"செம்பி, எல்லாரும் வந்தாச்சா?"

அவள் எண்ணியது பத்துப் பேரைத்தான். ஆனால் தாகத்தில் தொண்டை எரிந்தது; காற்றின் இரைச்சல் நெருங்கிக்கொண்டே வந்தது. நாம் கிளம்பினால் அந்தப் பெண் ஓடி வந்து ஏறிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டாள்.

"வந்தாச்சு. கிளம்பு."

வழியிலிருந்த ஒரு கிணற்றடிக்கு வந்து துணிகளை அவிழ்த்தபோது தேனம்மை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "என் தங்கச்சி எங்கே?"

ஏகன் செம்பியைப் பார்த்தான்.

"பத்துப் பேர்தான் வந்தாங்க" என்றாள் செம்பி.

திரும்பி ஓடினார்கள். காற்று அடங்கியிருந்தது. வாசலைக் காணோம், வீடுகளைக் காணோம். எங்கும் மணல்மேடு. தேனம்மை நகம் பெயரத் தோண்டினாள். செம்பி மேட்டுக்கு மேடு ஏறி, "வள்ளிக்கண்ணு! வள்ளிக்கண்ணு!" என்று கூப்பிட்டாள். மூன்று நாள் கூப்பிட்டாள். எந்தப் பக்கமிருந்தும் பதில் இல்லை.

நாலாம் நாள், தோண்டத் தெம்பில்லாத தேனம்மையைச் செம்பியின் முதுகில் ஏற்றி உட்காரவைத்தான் ஏகன். "எழுந்திரு செம்பி. போகலாம்."

'இன்னும் ஒருத்தி வரவில்லை' என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை, அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல்தான் வந்தது. அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, அவள் வழியில் பிறந்த எதுவும் பேசவில்லை.

அன்று தொடங்கித்தான் ஒட்டகங்கள் ஆளை ஏற்றிக்கொண்டு எழும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்து முனகுகின்றன. பாரம் தாங்காமல் முனகுகின்றன என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.