ஓதத்துக்கு நாற்பது வெட்டு

மீனும் நண்டும் ஆமையும் ஒரே கரையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த காலத்தில், கோலப்பன் என்று ஒரு நண்டு இருந்தான். கணக்கில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதைக் கேட்டாலும் காலால் மணலில் நாலு கோடு கிழித்து, விடையைத் தூக்கிப் போடுவான். விடை சரியாகத்தான் இருக்கும். ஆனால் சொல்லிவிட்டு, இரண்டு கண்ணையும் காம்போடு உயர்த்திக்கொண்டு ஒரு பார்வை பார்ப்பான் பாருங்கள், அதைத்தான் யாராலும் சகிக்க முடியாது.

அதே கரையில் வடிவாச்சி என்று ஓர் ஆமை அடைகாத்துக்கொண்டிருந்தாள். ஆமை அடைகாக்குமா என்று சிரிக்காதீர்கள். அன்றைக்கு ஆமைக்கும் கோழியைப் போல உடம்பில் சூடு இருந்தது. முட்டைகளை மணல்மேல் குவித்து, அதன்மேல் படுத்து, குஞ்சு பொரிக்கிறவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடக்க வேண்டும். ஆமைக்கு ஏது பல் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பட்டினி கிடந்தாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் அவளால் முடியவில்லை. முந்தின வருஷம் அவளுடைய அக்கா இப்படித்தான் முட்டைமேல் படுத்தபடியே செத்துப்போனாள். உடம்பு ஆறியதும் முட்டைகளும் ஆறிப்போயின. இப்போது இவளுக்கும் கழுத்து தொங்கிவிட்டது. எழுந்து போய் இரை தின்றால் முட்டைகள் ஆறிவிடும். போகாமல் கிடந்தால் அவளே போய்ச் சேர்ந்துவிடுவாள். குஞ்சு பொரிக்க இன்னும் அடுத்த பௌர்ணமி வரவேண்டும்.

கோலப்பனுக்கு அகம்பாவம் உண்டே தவிர, மனசு இல்லாமல் இல்லை. தினமும் அந்த வழியாகப் போகும்போது அவளைப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பொறுக்கவில்லை. யோசித்தவனுக்கு இருளாண்டியின் ஞாபகம் வந்தது.

இருளாண்டி ஒரு திருக்கை. தொட்டால் ஷாக் அடிக்கிற இனம். அந்த இனத்தில் பலத்தை வெட்டுக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒரு தடவை சுளீரென்று அடித்தால் அது ஒரு வெட்டு. இருளாண்டியோ ஆயிரம் வெட்டு வெட்டினாலும் அலுக்காதவன். பிள்ளை நல்லவன், யார் எதைக் கேட்டாலும் செய்வான். கரையோரம் ஒரு குழி தோண்டி, கடல்தண்ணீர் வர வாய்க்கால் வெட்டிக் கொடுத்தால், அவன் அதில் கிடந்தபடியே ஈரமணல் வழியாக முட்டைகளுக்குச் சூடு கொடுக்கலாம் என்பது கோலப்பனின் யோசனை. இருளாண்டி உடனே சரி என்றான். பயந்தவள் வடிவாச்சிதான். அவன் வெட்டு வேறு, என் சூடு வேறு, இரண்டையும் எப்படி ஒன்றாக்குவீர்கள் என்று கேட்டாள்.

கேட்டதில் நியாயம் இருந்தது. சூட்டுக்காரர்களின் அளவு சிரட்டை, அதாவது கொட்டாங்கச்சி. ஒரு சிரட்டைக் கடல்தண்ணீரை வெதுவெதுப்பாக்கும் சூடு எதுவோ, அது ஒரு சிரட்டைச் சூடு. வெட்டுக்கும் சிரட்டைக்கும் அதுவரை யாரும் சம்பந்தம் பேசியதில்லை.

கோலப்பன் பேசி முடித்தான். சிரட்டையில் தண்ணீர் மொண்டு இருளாண்டியின் முன்னால் வைத்து, வெட்டச் சொன்னான். ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, தண்ணீர் அசையவே இல்லை. எட்டாவது வெட்டில் வெதுவெதுவென்று ஆனது. பிறகு அதே சிரட்டையை வடிவாச்சியின் வயிற்றுக்கடியில் வைத்தான். தண்ணீர் வெதுவெதுப்பானதும் எடுத்துவிட்டு வேறு தண்ணீர் வைத்தான். இப்படிக் கடல் ஒரு முறை ஏறி வற்றுகிற நேரத்துக்குள், அதாவது ஓர் ஓதத்துக்குள், அவள் ஐந்து சிரட்டை சூடாக்கிவிட்டாள். மறுபடியும் செய்து பார்த்தான். அதே எட்டு, அதே ஐந்து.

ஆக, ஓதத்துக்கு நாற்பது வெட்டு. அங்கேயே வாயை மூடியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் நாற்பது என்பது ஒரு எண்ணா? நாற்பதை எந்த நத்தையும் சொல்லும். கோலப்பன் பௌர்ணமி வரைக்கும் எத்தனை ஓதம் என்று எண்ணினான். நாற்பதால் பெருக்கினான். மணல் முழுக்கக் கோடு கிழித்து, கரையில் எல்லோரையும் கூட்டி வைத்துக்கொண்டு, வந்த மொத்தத்தைச் சத்தமாகச் சொன்னான். கேட்ட மீன்களுக்குக் கண் இமைக்கவில்லை. மீனுக்கு எப்போதுமே இமைக்காது, அது வேறு விஷயம். இருளாண்டி அந்த எண்ணை மூன்று தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் பண்ணிக்கொண்டு, தோண்டிவைத்த குழியில் போய்ப் படுத்தான்.

கிளம்பும்போது வடிவாச்சி, "கோலப்பண்ணே, கணக்கு சரிதானே?" என்றாள்.

"என் கணக்கு என்றைக்குத் தப்பியிருக்கிறது, தாயீ? நீ போய் வயிறார இரை தின்றுவிட்டு வா" என்றான் அவன். அவளும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே கடலுக்குள் போனாள்.

மறுநாள் காலையில் கோலப்பன் அக்கம்பக்கத்துக் கரைக்கெல்லாம் போய், தன் எண்ணைச் சொல்லிக் கண்களை உயர்த்திக்கொண்டு திரிந்தான். உச்சிவெயிலில் திரும்பி வந்தவன் முதலில் வாய்க்காலைப் பார்த்தான். குழியில் இருளாண்டி இல்லை. குழித்தண்ணீரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

கோலப்பன் ஓடிப்போய் முட்டை ஒன்றைத் தொட்டான். கொடுக்கு சுட்டது. உதறிவிட்டு இன்னொன்றைத் தட்டினான். உள்ளே குழைவாக அசைய வேண்டியது, கூழாங்கல்லைத் தட்டியதுபோல் கெட்டியாக இருந்தது. அப்போதுதான் அந்த வாசனை அவனுக்கு உறைத்தது. அவித்த முட்டை வாசனை. ஒரு முட்டையிலிருந்து அடுத்த முட்டைக்குப் போனான். ஏதாவது ஒன்று, ஒன்றே ஒன்று வேகாமல் இருக்காதா என்று தடவிக்கொண்டே போனான். பாதிக்கு மேல் தொட அவனுக்கு நெஞ்சு துணியவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து இருளாண்டி வந்து சேர்ந்தான். வயிறு புடைத்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஆளைப் பார்த்ததுமே தானாகப் பேச ஆரம்பித்தான். விடியும்போதே மத்திக்கூட்டம் வந்துவிட்டதாம். அதை விட்டால் அடுத்த மாசம்தான். அதனால் ஒரே மூச்சில் வேலையை முடித்துவிட்டுத்தான் போனானாம்.

"எந்த வேலையை?" என்றான் கோலப்பன்.

"நீங்கள் சொன்ன எண்ணை, அண்ணே. முழுசாக வெட்டிவிட்டேன். ஒன்றுகூடக் குறையாது."

"முழுசுமா? காலையிலேயா?"

"ஆமாம். இத்தனை வெட்டு என்றுதானே சொன்னீர்கள். எத்தனை நேரத்தில் என்று சொல்லவே இல்லையே."

மணலில் கோலப்பன் கிழித்த கோடுகள் அலை படாத மேட்டில் அப்படியே இருந்தன. பார்த்தான். நாற்பது இருந்தது. ஓதங்களின் எண்ணிக்கை இருந்தது. பெருக்கி வந்த மொத்தம் இருந்தது. மொத்தத்தில் ஓதம் இல்லை. பெருமைக்காகப் பெருக்கியபோது அவனே அதைத் தொலைத்திருந்தான். ஒரு மாசச் சூடு ஒரு காலைச் சூடாகிப் போனதற்கு அந்தப் பிள்ளையை என்ன சொல்வது? கோலப்பன் முட்டைக் குவியலைக் காட்டினான்.

இருளாண்டி வாய்க்கால் ஓரத்துக்கு நீந்தி வந்து எட்டிப் பார்த்தான். சிரித்த முகம் அப்படியே பேயறைந்தது போல ஆனது. வந்த வழியே பின்னால் போய், கடலடி மணலைத் தன்மேல் வாரிப் போட்டுக்கொண்டான். இரண்டு கண் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலையோடு அவனுடைய பலமும் வடிந்துவிட்டது. அதன் பிறகு அவன் இனத்தில் யார் நாலு வெட்டுக்கு மேல் வெட்டினாலும் சோர்ந்துபோய்க் கிடக்கிறார்கள். தொட்டால் ஒழியத் தாமாக யாரையும் வெட்டுவதும் இல்லை.

வடிவாச்சி பொழுது சாயும் முன்னே வந்துவிட்டாள். பிள்ளைகளை விட்டு இருக்க முடியாமல் பாதி வயிற்றோடு வந்திருந்தாள். தூரத்தில் வரும்போதே, எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டே வந்தாள். அவள் வழக்கம்போல முட்டைகள்மேல் ஏறிப் படுத்தாள். படுத்தவள் விருட்டென்று இறங்கினாள். ஒரு முட்டையை உடைத்தாள். உள்ளே வெள்ளையாகக் கட்டியாக இருந்தது. இன்னொன்றை உடைத்தாள். அதுவும் அப்படியே.

அவள் கத்துவாள், சாபம் கொடுப்பாள், தன்னை ஓட்டோடு மிதித்து நொறுக்குவாள் என்று கோலப்பன் காத்திருந்தான். அவள் எதுவும் செய்யவில்லை. நின்ற இடத்திலேயே அவளுக்கு ரத்தம் சில்லிட்டுப் போனது. கழுத்திலிருந்து துடுப்புவரை அந்தச் சூடு இறங்கிப் போனதை அவன் கண்ணாலேயே பார்த்தான். பிறகு அவள் கேட்டாள்.

"எண் சரிதானே, அண்ணே?"

பொய் சொல்ல அவனுக்குத் தெரியாது. "சரிதான்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையோடு அவனுக்கு வாய் கட்டிக்கொண்டது. நண்டு பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

வடிவாச்சி அலை எட்டாத மேட்டுக்குப் போய், துடுப்பால் மணலைத் தள்ளித் தள்ளி ஆழமாக ஒரு குழி பறித்தாள். ஒவ்வொரு முட்டையாக உள்ளே இறக்கினாள். செத்த பிள்ளைகளை வேறு என்ன செய்வது? மண்ணைத் தள்ளி மூடி, காக்கை தோண்டாதபடி தன் உடம்பாலேயே தட்டிக் கெட்டியாக்கினாள். கண்ணீர் கண்ணிலிருந்து இறங்கி மணலோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு கடலைப் பார்த்து நடந்தாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோலப்பன் அந்த மேட்டுப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. கோடு கிழிப்பதையும் விட்டுவிட்டான். மேட்டுக்குக் கீழே அலையோரத்தில், ஒரு வெட்டுக்கு ஒரு மணல் உருண்டை என்று உருட்டி வைத்து, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான். ஒன்றை வைத்துவிட்டு ஓர் அலை வந்து போகிறவரை பொறுத்திருந்து, அதற்குப் பிறகே அடுத்ததை உருட்டினான். கடல் ஏறி எல்லாவற்றையும் அழித்துவிடும். வற்றியதும் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவான்.

பௌர்ணமிக்கு மறுநாள் அந்த மேடு அசைந்தது.

கோலப்பன் கண்களைத் தூக்கிப் பார்த்தான். புதைத்த இடத்தில் மணல் குழிந்தது. குழியிலிருந்து கறுப்பாக ஒரு சின்னத் தலை வந்தது. அவன் பதறியடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்து தன் வளைக்குள் விழுந்தான். செத்தவர்கள் எழுந்து வந்து கணக்குக் கேட்கிறார்கள் என்றே நினைத்தான். மெல்ல எட்டிப் பார்த்தபோது இரண்டாவது தலை, மூன்றாவது தலை என்று ஒரு கைப்பிடி உயிர்கள் மணலை உதறிக்கொண்டு கடலுக்குத் தவழ்ந்தன. பழைய குவியலில் வாய்க்காலுக்கு எட்டாத கோடியில் கிடந்தவை அவை. அவன் தடவாமல் விட்ட பாதியில் இருந்தவை. வெட்டு அங்கே அரைகுறையாகத்தான் போய்ச் சேர்ந்திருந்தது. மற்ற சூட்டையெல்லாம் மணலே கொடுத்திருக்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கி, அவசரமில்லாமல், ஓதத்துக்கு இவ்வளவு என்று கொடுத்திருக்கிறது. கோலப்பன் வாய்விட்டு அழப் பார்த்தான். சத்தம் வரவில்லை.

அடுத்த வருஷம் வடிவாச்சி அதே கரைக்கு வந்தாள். மறுபடியும் வயிறு நிறைய முட்டை. ஆனால் மேலே படுக்க உடம்பில் சூடு இல்லை, யாரையும் நம்பி ஒப்படைக்க மனசிலும் தெம்பு இல்லை. எப்படியும் போகப்போகிற பிள்ளைகள்தானே என்று அழுதுகொண்டே நேராகக் குழி பறித்தாள். கோலப்பன் வளையிலிருந்து ஓடோடி வந்து அவளுக்கு முன்னால் நின்றான். பிழைத்தார்கள், உன் பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று சொல்ல வாயைத் திறந்து திறந்து பார்த்தான். நுரைதான் வந்தது. அவள் அவனைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த வருஷத்திலிருந்துதான், ஆமை தன் முட்டைகளை உயிரோடு புதைத்துவிட்டு அழுதபடியே திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போகிறது. நண்டு வளை வாசலில் நின்று, கொடுக்கை ஆட்டி ஆட்டி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.