முப்பிடாதியின் பட்டா

பத்திரிகை போட்டோகிராபர் ரெஜினாவைக் கிறுக்கு என்பார்கள். அமைச்சர் பாலம் திறந்த அன்று, அமைச்சரை விட்டுவிட்டு, பாலத்து நிழலில் முதல் ஆளாகத் துண்டை விரித்துத் தூங்கியவனைப் படம் எடுத்தவர். மறுநாள் ஊரெல்லாம் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு.

அவரிடம் வேலை கற்கச் சேர்ந்த கோமதிநாயகம் அவரைவிட மூத்தவர். கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பழகியவர்.

"மேடம், இன்னைக்கும் என் படம் மத்த பேப்பர் படம் மாதிரியே இருந்தா வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு எடிட்டர். நான் போக மாட்டேன். உங்க படம் மட்டும் எப்படி வேற மாதிரி வருது?"

"பட்டா குடுக்கிற விழா இருக்கு. வாங்கண்ணே."

மேடையில் முப்பிடாதி என்ற அம்மாள் அதிகாரியிடம் வீட்டுமனைப் பட்டாவை வாங்கினார். அதற்காக வருஷக்கணக்கில் ஆபீஸ் படி ஏறியவர்.

கோமதிநாயகத்தின் படத்தில் அதிகாரி கண்ணை மூடியிருந்தார். விடுவாரா மனுஷர்? தாலி கட்டுவதைத் தவிர எல்லாவற்றையும் மாப்பிள்ளையை மறுபடி செய்ய வைத்தவராயிற்றே! கையை நீட்டிக் கத்தினார்.

"சார், இன்னொரு தடவை குடுங்க!"

அதிகாரி சிரித்துக்கொண்டே பட்டாவைத் திரும்ப வாங்கப் போனார். முப்பிடாதிக்கு உயிரே போய்விட்டது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தர மாட்டேன் சாமி! இதுக்குத்தான நாயா அலைஞ்சேன்!"

மேடைக்குப் பக்கவாட்டில் நின்ற ரெஜினா அப்போதுதான் கேமராவைத் தூக்கினார்.

ஆபீசில் அந்தப் படம் கம்ப்யூட்டர் திரையில் விரிந்தது. இழுக்கிற அதிகாரி, விடாத முப்பிடாதி. ஓரத்தில் கையை நீட்டி, வாயைப் பிளந்துகொண்டு கோமதிநாயகம்.

அவர் திரையில் தன் உருவத்தைக் கையால் மறைத்தார்.

"மேடம், ஊரே காறித் துப்பும். என்னை மட்டும் வெட்டிருங்க. அவங்க ரெண்டு பேர் போதும்."

"வெட்டிறலாம்ணே. அப்புறம் படத்தைப் பாக்குறவன் என்ன நினைப்பான்? ஏழை கைல இருந்து அதிகாரி பட்டாவைப் புடுங்குறாருன்னு நினைப்பான். அவரா புடுங்கினாரு?"

கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்துக்குக் கீழே வர வேண்டிய வரியைத் தானே அடித்தார்.

'போட்டோவுக்காகப் பட்டாவை மறுபடி கொடுக்கச் சொன்னவர், நமது போட்டோகிராபர் கோமதிநாயகம்.'