வாசலில் கிடந்த குட்டி

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவருமே இல்லை, தொல்லையே அதுதான்.

ஏற்காட்டுச் சரிவில் சகாயராஜ் பன்றிப் பண்ணை வைத்திருந்தான். ஒரு மழைக்காலத்தில், கீழே பள்ளத்தில் இருந்த சூசையின் பண்ணையில் பன்றிகள் இருமத் தொடங்கின. மூடுபனிக்குள்ளிருந்து வரும் அந்த இருமல், அசல் கிழவன் இருமுவது போலவே இருக்கும். பட்டப்பகலில் கேட்டாலும் உடம்பு சிலிர்க்கும்.

பிறகு சகாயராஜுக்கே காய்ச்சல் கண்டது. இந்தச் சளிக்காய்ச்சல் மனிதரிடமிருந்து பன்றிக்கும் தொற்றும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் தொற்றும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் அவன் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. அவன் மனைவி பிலோமினா வீட்டுப் பக்கமே வராமல், தீவன அறையில் படுத்து, தனியாகப் பொங்கித் தின்று, பன்றிகளைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு நடுப்பகலில் வெள்ளைச்சி என்ற தாய்ப்பன்றி ஈன்றது. கடைசிக் குட்டிக்கு மூச்சில்லை. அப்படிப் பிறக்கும் குட்டியின் மூக்கில் வாய் வைத்து ஊதிப் பிழைக்க வைப்பது சகாயராஜின் வழக்கம். பிலோமினாவுக்கு அது கைவரவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு ஓடிவந்தாள்.

“என்னங்க, ஒரே ஒரு ஊது ஊதுங்க!”

வெளியே எட்டி நின்ற சகாயராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவனை நலம் விசாரிக்க வந்திருந்த சூசைக்கு மனம் பொறுக்கவில்லை. கரகரத்த தொண்டையைச் செருமிக்கொண்டு, குட்டியை வாங்கி ஊதினான். குட்டி வீறிட்டது.

“கொண்டுபோய்த் தாய்கிட்ட விடும்மா” என்றான்.

“உள்ள விடாத!” என்று சகாயராஜ் கத்தினான். “சூசை அண்ணன் பண்ணையே இருமிக்கிட்டுக் கெடக்கு. அவர் மூச்சு இப்ப இதுக்குள்ள இருக்கு.”

“உசுரு குடுத்தவன் நான்! சீம்பால் இல்லாட்டி செத்துப்போயிரும்யா.”

“உள்ள இருக்கற அத்தனைக்கும் தொத்துனா? அப்புறம் இவளுக்கும் தொத்துனா?”

பிலோமினா உள்ளே போனாள். சகாயராஜ் வெளியிலிருந்து கதவை அடைத்தான். குட்டியை வைக்கோல் போட்ட பெட்டியில் வாசலில் வைத்தார்கள். அது கத்தியது. உள்ளிருந்து தாய் பதில் சொன்னது. மறுபடி குட்டி, மறுபடி தாய். பனி இறங்கி, வெளியே நின்ற இருவரின் முகத்தையும் மறைத்தது.

குட்டியைத் தூக்கி வந்தவள், உயிர் கொடுத்தவன், கதவை அடைத்தவன்: இவர்களில் யார் செய்தது சரி, சொல்லுங்கள்?

கதவை அடைத்தவன் செய்ததுதான் சரி. சூசையின் இரக்கம் நிஜம்தான். ஆனால் நோய்ப் பண்ணையிலிருந்து செருமிக்கொண்டு வந்தவன் ஊதிய மூச்சில் நோயும் போயிருக்கலாம். ஆனால் மூவருமே ஒன்றை மறந்தார்கள். குட்டிதான் உள்ளே போகக் கூடாது; பால் வெளியே வரலாம். கறந்து வாசலில் வைத்துவிட்டு, கிண்ணத்தைத் திரும்ப எடுக்காமல் விட்டால் போதும். பிலோமினாவுக்குச் சற்றுப் பொறுத்து அது தோன்றத்தான் செய்தது. அவசர அவசரமாகக் கறந்து, கதவைத் திறந்து கிண்ணத்தை வெளியே வைத்தாள். பால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. குட்டியின் சத்தம் நின்றுபோயிருந்தது. உள்ளே வெள்ளைச்சி மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.