அறுபத்து மூன்று கிலோமீட்டர்

நடப்பதற்கு இரண்டு கால் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன். அப்போது திருதிருவென்று முழிக்கக் கூடாது.

கோயம்புத்தூரில் குளக்கரையை ஒட்டிய குடியிருப்பில், இரண்டாவது மாடியில், ஆறுக்குட்டி என்பவர் இருந்தார். மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருந்தார். காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார். மனைவி கலாமணி. வேலைக்குப் போகும் மகள் தாரணி. உள்ளறைக் கட்டிலில் ஆறுக்குட்டியின் அப்பா. பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் இருந்தார். பேச்சு போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தில் டம்ளரால் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தைத் தாண்டிக் கலாமணி போவது அபூர்வம்.

ஒரு நாள் ஆறுக்குட்டிக்குத் தலை சுற்றியது. தாரணி லீவு போட்டுத் தாத்தாவோடு இருக்க, புருஷனும் மனைவியுமாக டாக்டரிடம் போனார்கள். வந்ததுதான் வந்தீர்கள் என்று டாக்டர் இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார். இருவருக்கும் சர்க்கரை. "ரெண்டு பேரும் தினமும் நாப்பது நிமிஷம் நடந்தே ஆகணும்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அந்த வாக்கியத்தில் பாதி எங்கேயோ விழுந்துவிட்டது. "அப்பா நடக்கோணுமாம்" என்பது மட்டும்தான் வீட்டுக்கு வந்தது. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. நம் வீடுகளில் அம்மாவுக்கு வரும் நோய் அப்படித்தான், யார் கண்ணிலும் படாமல் அடுக்களைக்குள் போய்விடும்.

டிரெட்மில் வாங்கிவிடலாம் என்றாள் தாரணி. ஆறுக்குட்டிக்கு மனசு வரவில்லை. "கீழ் வீட்டுல வாங்குனாங்களே, இப்ப அதுல துண்டு காயுது" என்றார். அது உண்மைதான். கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். ஒரு மாதம் வாடகைக்கு எடுப்பது. அறுபது கிலோமீட்டர் ஓடியிருந்தால் விலைக்கு வாங்குவது, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவது.

மிஷின் வந்தது. கூடத்தில் டிவியைப் பார்த்தாற்போல நிறுத்திவிட்டுப் போனார்கள். ஆறுக்குட்டி ஏறி ஐந்தே நிமிடத்தில் இறங்கினார். "எவ்வளவு நடந்தாலும் ஒரு எடத்துக்கும் போய்ச் சேர மாட்டீங்குதே, கண்ணு" என்று மகளிடம் அலுத்துக்கொண்டார். மறுநாள் முதல் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு குளக்கரைக்குப் போக ஆரம்பித்தார். அங்கே நல்ல காற்று, கூட்டாளிகள், ஓயாத பேச்சு. சர்க்கரையும் மெல்ல இறங்கியது.

பத்து நாள் கழிந்து பார்த்தால் மிஷின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது. பெருக்குவதற்காகக் கலாமணி நகர்த்தியிருப்பாள் என்று அவர் விட்டுவிட்டார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் குளம் தெரியும்.

மாதம் முடிந்ததும் கடைக்காரர் வந்தார். திரையைத் தட்டிப் பார்த்து, "பரவாயில்லீங்களே, அறுபத்து மூணு கிலோமீட்டர் ஓடியிருக்குது" என்றார். ஆறுக்குட்டி மகளைப் பார்த்தார், மகள் அவரைப் பார்த்தாள். "ஆனா ஏறுனவங்க எடை அம்பத்தெட்டுன்னு போட்டிருக்குதுங்க. நீங்க எம்பதுக்குக் கொறையாமத் தெரியறீங்க" என்றார் கடைக்காரர். தாரணியோ நாற்பத்தாறு கிலோவைத் தாண்டாதவள்.

கலாமணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "மாமா தூங்கற நேரமாப் பாத்து ஏறிக்குவேனுங்க. டம்ளர் சத்தம் கேட்டா எறங்கிருவேன். டாக்டரு எனக்குந்தானுங்களே சொன்னாரு?"

டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஆறுக்குட்டிதானே.

"இனி என்ன யோசனை? அம்மாவுக்காக வாங்கிரலாம்ப்பா. தாத்தாவ உட்டுட்டு அம்மா எங்க வெளிய போறது? அவங்களுக்கு இதுதான் தோது" என்றாள் தாரணி.

"எனக்குன்னு இத்தாப் பெரிய சாமான் எதுக்குங்க? திருப்பிக் குடுத்துருங்க. மாடிப்படியில நாலு தடவ ஏறி எறங்குனா ஆச்சு" என்றாள் கலாமணி.

"மிஷினும் வேண்டாம், மாடிப்படியும் வேண்டாம். நாளையிலிருந்து காத்தால நாப்பது நிமிஷம் அப்பாகூட நான் உக்காந்துக்கறேன். நீ கொளத்துக்குப் போய்ட்டு வா. நான் சாயங்காலமா நடந்துக்கறேன்" என்றார் ஆறுக்குட்டி.

"இன்னைக்குச் சொல்லுவீங்க. பத்து நாள் போனா பட்டறையில அவசர வேலைம்பீங்க. அப்புறம் அம்மாவுக்கு மிஷினும் இருக்காது, கொளமும் இருக்காது" என்றாள் மகள். இதற்கு முன் ஆறுக்குட்டி கொடுத்துவிட்டுக் காப்பாற்றாமல் விட்ட வாக்குகள் அவருக்கே நினைவிருந்தன.

மிஷினைத் தூக்குவதா, விடுவதா என்று தெரியாமல் கடைக்காரர் நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள்: மூவரில் யார் சொன்னது சரி? மிஷின் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா?

விடை: ஆறுக்குட்டி சொன்னதுதான் சரி. வெறுமனே நடந்தால் போதும் என்றிருந்தால் கலாமணி மிஷினை டிவிக்கு எதிரிலேயே விட்டிருப்பாள். அவ்வளவு கனமான சாமானைத் தனியாளாகத் தள்ளி ஜன்னலுக்குத் திருப்பினாள் என்றால், அவள் மனசு இருந்தது குளக்கரையில். அங்கே போக அவளுக்கு வேண்டியது தினம் நாற்பது நிமிடம். அதைப் புருஷன்தான் தர முடியும். ஆனால் தாரணியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. மிஷினுக்கு ஒரு மாதம் சோதனை வைத்தவர்கள் ஆறுக்குட்டிக்கும் ஒரு மாதம் வைத்துப் பார்க்க வேண்டும். அதுவரை மிஷின் வாடகைக்கே நிற்கட்டும். அவர் சொல் தவறினால் கலாமணிக்கென்று வாங்கிவிடலாம். அப்படியே செய்தார்கள். அடுத்த மாதம் ஒரு காலையில் கடைக்காரர் வந்தபோது கலாமணி வீட்டில் இல்லை. உள்ளறையில் ஆறுக்குட்டி அப்பாவுக்குக் காப்பி புகட்டிக்கொண்டிருந்தார். கடைக்காரர் திரையைத் தட்டிப் பார்த்தார். அதே அறுபத்து மூன்று.