ஆளை உரிக்கிற மந்திரவாதி

வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் மேகம் மட்டுமே குடியிருந்த ரொம்பப் பழைய காலம் அது. கருங்குன்று நாடு என்று ஒரு நாடு. அங்கே வருஷத்தில் பத்து மாதம் மூட்டம்தான். துணி காயாது, நெல் காயாது, கண்ணும் காயாது.

அந்த நாட்டுக் குன்றின் மேல் ஒரு மந்திரவாதி இருந்தான். பெயர் மட்டையுரிச்சான். துக்கம் தாங்காத குடும்பஸ்தர்கள் அவனைத் தேடிப் போவார்கள். பெண்களுக்குத் துக்கம் இல்லையா என்று கேட்காதீர்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டணும், உலை வைக்கணும், அவர்களுக்குப் போக நேரமில்லை.

"துக்கத்தை எடுக்க முடியாதுப்பா," என்பான் மந்திரவாதி. "துக்கப்படுற ஆளையே எடுத்துடறேன். சம்மதமா?"

முதல் நாள் பெயரை உரிப்பான். இரண்டாம் நாள் முகத்தை உரிப்பான். மூன்றாம் நாள் ஞாபகத்தை உரிப்பான். உரித்த பெயரை உலகமே மறந்துவிடும். அப்புறம் அந்த ஆள் அழமாட்டான், சிரிக்கமாட்டான். மந்திரவாதி கட்டுகிற கோட்டைக்குக் கல் சுமந்துகொண்டே கிடப்பான்.

அடிவாரத்தில் அங்காயி என்று ஒருத்தி. அவளுடைய மூன்று வயது மகள் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கு முப்பதாம் நாள் விடிந்தபோது பக்கத்துப் பாயில் புருஷனைக் காணோம். அவன் பெயரா? ஊரே மறந்துபோனது, கதை சொல்கிற எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அங்காயி மூன்று நாள் ஊரெல்லாம் தேடினாள். நாலாம் நாள் மாட்டைப் பக்கத்து வீட்டில் கட்டினாள், கதவைச் சாத்தினாள், குன்று ஏறினாள்.

கோட்டை முற்றத்தில் நூறு ஆண்கள் கல் சுமந்தார்கள். நூறு பேருக்கும் ஒரே முகம், கழுவிக் கவிழ்த்த மண்சட்டி மாதிரி.

"சாமி, என் வீட்டுக்காரரைக் கொடுங்க," என்றாள்.

"அப்படி ஒருத்தன் எப்பவுமே இருந்ததில்லை பொண்ணே. வாழை மரத்தை மட்டை மட்டையா உரிச்சுப் பாரு. கடைசியில கையில ஒண்ணும் நிக்காது. ஆளும் அப்படித்தான்."

"குலை தள்ளாத மரத்தை உரிச்சிருப்பீங்க சாமி. தள்ளினதை உரிங்க, நடுவுல தண்டு இருக்கும். எங்க வீட்ல கூட்டு வைப்போம்."

மந்திரவாதிக்கு மூக்கு சிவந்தது. "மூணு தடவை விடறேன். அதுக்குள்ள உன் ஆளைக் காட்டு. இல்லேன்னா நூத்தியொண்ணாவதா உன்னை உரிப்பேன்!"

முதல் தடவை அங்காயி கைகளைப் பார்த்தாள். அவள் புருஷனுக்கு இடது மணிக்கட்டில் அரிவாள் வெட்டின தழும்பு உண்டு. முகத்தோடு தழும்பும் உரிந்துபோய், நூறு மணிக்கட்டும் வழுவழுவென்று இருந்தன.

"ஒண்ணு போச்சு," என்றான் மந்திரவாதி.

இரண்டாம் தடவை மகளைப் பற்றிச் சொன்னாள். அது சோற்றைக் காக்காய்க்கெல்லாம் போட்டுவிட்டு வெறும் கையை நக்கும். அப்பன் தோளில்தான் தூங்கும். கடைசியாகத் தூங்கினதும் அந்தத் தோளில்தான். நூறு பேரில் ஒரு இமைகூட அசையவில்லை. சொன்னவள்தான் அழுதாள்.

"ரெண்டு போச்சு. வேணும்னா பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாரேன்!" என்று சிரித்தான் அவன்.

பெயர் எங்கே இருக்கிறது? இருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். அந்த நாட்டில் பெண்டாட்டி புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை.

உச்சி வெயில் நேரம், ஆனால் வெயில் இல்லை. அப்போது அங்காயிக்குக் கோபம் வந்தது. மந்திரவாதி மேல் இல்லை, புருஷன் மேல். என்னை ஒருத்தியாக அழவிட்டுவிட்டு வந்துட்டியே! இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அடுப்படியிலிருந்து வயலுக்குக் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்.

"ஏங்க! உங்களத்தானே! சோறு ஆறுது, எத்தனை தடவை கூப்பிடறது?"

நூறு கல்லும் கீழே விழுந்தது. நூறு தலையும் திரும்பியது. நூறு வாயும் கேட்டது:

"என்னையா?"

மந்திரவாதி கைதட்டிக் குதித்தான். "நூறு பேரும் திரும்பிட்டானுங்க! இதுல எவன் உன் புருஷன்? மூணும் போச்சு!"

"அது இருக்கட்டும் சாமி. பேரு இல்லை, முகம் இல்லை, ஞாபகம் இல்லை, உள்ளே ஒண்ணுமே இல்லேன்னீங்க. அப்போ இப்பத் திரும்பினது யாரு?"

மந்திரவாதி வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். பதில் வரவில்லை. பெயரைப் பறிக்கத் தெரிந்தவனுக்கு, வீட்டில் பெயரில்லாமலே கூப்பிடுவார்கள் என்பது தெரியவில்லை. அவனை யாரும் ஒருநாளும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

பதில் இல்லாத மந்திரம் நிற்குமா? மண்சட்டி முகங்கள் விரிசல் விட்டன. உள்ளேயிருந்து நூறு பேரின் சொந்த முகங்கள் வந்தன. பின்னாலேயே ஞாபகமும் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை.

அங்காயியின் புருஷன் அவளைப் பார்த்தான். "புள்ளை…" என்றான். அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"பாத்தியா!" என்று கத்தினான் மந்திரவாதி. "நிம்மதியா இருந்தவன் தலையில துக்கத்தைத் தூக்கி வெச்சுட்டியே!"

"அது அவரோடது சாமி. அவருதான் அழணும். ரெண்டு பேர் அழுகையையும் நான் ஒருத்தியா எத்தனை நாள் அழறது?"

கோட்டை கல் கல்லாகச் சரிந்தது. நூறு பேரும் இறங்கிப் போனார்கள். மந்திரவாதி மட்டும் உள்ளேயே உட்கார்ந்திருந்தான். வெளியே வா என்று கூப்பிட அவனுக்கு ஆளில்லை.

பாதி வழியில் புருஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டான். "சோறு ஆறுதுன்னியே புள்ள?"

"பொய்தான். இனிமேதான் உலை வைக்கணும். நடங்க."

அன்றைக்கு நூறு வீட்டில் உலை கொதித்தது. நூறு வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்டது, இரண்டிரண்டு குரலாக.