கை கட்டாத சுனை

நெய்யும் எண்ணெயும் மெழுகும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மலை முழுவதும் வாடை என்ற குளிர்க்காற்றின் ஆட்சி. அவனுக்கு ஒரே சட்டம்தான். அவன் வரும்போது எதிரில் இருப்பவர் கையைக் கட்டி, உடம்பைக் குறுக்கி, அடியில் போய் உட்கார வேண்டும்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நெய் உறைந்து பானையின் அடியில் உட்கார்ந்தது. தேங்காய் எண்ணெய், அவன் வருகிறான் என்ற செய்திக்கே வெளுத்துப்போனது. "பெரிய இடம். நமக்கெதுக்கு வம்பு?" என்றது மெழுகு.

உச்சிச் சுனையில் குடியிருந்த தண்ணீரின் பெயர் சுனையாள். முதலில் அவளும் மற்றவர்களைப் போலத்தான். மார்கழியில் வாடை தன் மணியக்காரன் மூடுபனியுடன் கரையில் வந்து நின்றதும், மேலே இருந்த துளிகள் கையைக் கட்டின. குறுகின. குறுகியதால் கனத்து அடிக்கு இறங்கின. அவற்றின் இடத்துக்கு வந்த துளிகளும் அப்படியே இறங்கின.

அடியில், கூழாங்கற்களுக்கு நடுவே, அயிரை மீன் இருந்தாள். வயிறு நிறைய முட்டை.

"ஏண்டி சுனையாள், நீ பாட்டுக்கு வந்து குந்திக்கிட்டே இருக்கியே. இன்னும் கொஞ்சம் குளிர்ந்தா கல்லா உறைஞ்சிடுவே. அடியிலேருந்து கல்லு ஏறினா நான் எங்க போவேன்? என் வயித்துல இருக்கறது எங்க போகும்?"

"சட்டம் அப்படி. நான் என்னடி செய்ய? நெய்யே உட்கார்ந்துடுச்சு."

"நெய்க்கென்ன? அதுக்குள்ள யாரும் குடியிருக்கல. உனக்குள்ள நான் இருக்கேன்."

சுனையாள் தன் துளிகளிடம் திரும்பிப் பேசினாள்.

"கீழே போனவங்க அங்கேயே அயிரையைச் சுத்தி நில்லுங்க. மேலே இருக்கறவங்க கட்டின கையை அவுத்துடுங்க. ரெண்டு கையால ரெண்டு பேரைப் பிடிங்க. இன்னும் ரெண்டு பேர் உங்களைப் பிடிக்கட்டும். ஒருத்தரும் முழங்கையை மடக்கக் கூடாது."

"கையை நீட்டினா இடம் பத்தாதே?" என்றது ஒரு துளி.

"பத்தலைன்னா மேலே ஏறுவோம். இறங்கறது இன்னையோட சரி."

மூடுபனிதான் முதலில் பார்த்தான். "ஐயா, இவங்க உட்காரல."

"பின்னே?"

"கை கோத்து நிக்கறாங்க. குறுகச் சொன்னா அகலமாயிட்டே போறாங்க."

வாடை ஊதினான். ஊத ஊதப் பிடி இறுகியது. சுனையின் மேல் வெள்ளைக் கூரை ஒன்று எழுந்தது. காலால் மிதித்து அமுக்கினான். அமுங்கி, மறுபடி மேலே வந்தது. அவன் குளிரால் எழுந்த கூரை அவனையே உள்ளே விடவில்லை.

"சுனையிலேருந்து வழியற தண்ணியில ஒரு குடம் மொண்டு வா," என்று கத்தினான். "வெண்கலக் குடம். விளிம்புவரைக்கும் நிரப்பி மூடியை அடிச்சு இறுக்கு. சுத்திச் சுவர் இருந்தா கையைக் கட்டித்தானே ஆகணும்!"

விடிந்ததும் மூடுபனி குடத்தைப் பார்க்கப் போனான். திரும்பி வந்தவன் தலையைச் சொறிந்தான்.

"குடம் பிளந்துபோச்சு, ஐயா."

"அவ?"

"கோத்த கை கோத்தபடிதான் இருக்கா."

வாடை கரைக்கு ஓடினான். "ஊரே உட்கார்ந்துச்சு. உனக்கு மட்டும் என்ன?"

"உட்கார்ந்தவங்களுக்கு அடியில யாரும் இல்லை," என்றாள் சுனையாள். "எனக்கு இருக்காங்க."

"அப்போ எங்கே போனாலும் கோத்த கையோடவே அலை!"

சாபம் என்றுதான் சொன்னான். அவள் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பங்குனியில் கூரை உருகியது. கூழாங்கற்களுக்கு நடுவிலிருந்து நூல் போல மெலிந்த அயிரைக் குஞ்சுகள் வெளியே வந்தன. வாடை அப்போது அந்தப் பக்கமே இல்லை.

அந்த மார்கழியிலிருந்துதான், நெய்யும் எண்ணெயும் உறைந்தால் அடியில் தங்க, பனிக்கட்டி மட்டும் மிதக்கிறது. வேரிலிருந்து நுனி இலைவரை மரத்துக்குள்ளும், உயிருள்ள ஒவ்வொரு உடம்புக்குள்ளும் தண்ணீர் கோத்த கையோடே ஓடுகிறது. தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி உறைய வைத்த கண்ணாடிப் பாட்டில், யார் வீட்டுப் பாட்டிலானாலும் சரி, உடைகிறது.